அண்ணனின் கோல்காப்பாளரும் சம்பள உச்சவரம்பும்

ஐஸ் ஹொக்கி ஆட்டம் ஒன்றையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் மூன்று பருவங்களாக, பிலிமத்தலாவை வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு கற்பனை அணியை நடத்தினேன். ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணன் தன்னோடு வேலை செய்பவர்களைச் சேர்த்துத் தொடங்கிய விளையாட்டு அது. நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்து அணி சேர்க்க வேண்டும். அவர்கள் அங்கே ஆடுவதைப் பொறுத்து நமக்குப் புள்ளி. எல்லாருடைய சம்பளமும் சேர்ந்து உச்சவரம்பைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்த வாரம் பூச்சியம். பருவ முடிவில் கடைசியாக வருபவர் விலகி, வெளியே காத்திருப்பவருக்கு இடம் விட வேண்டும்.

எனக்கு ஹொக்கி தேவைப்படவில்லை. அம்மா போன பிறகு அண்ணனும் நானும் பேசுவதற்குக் காரணமே இல்லாமல் போயிருந்தது. இது வந்த பிறகுதான் வாரம் தவறாமல் அழைத்தார்.

பேச்சு முழுக்கக் கோல்காப்பாளர்தான். பேர்பெற்றவரை எடுத்தால் வரம்பில் பெரும்பங்கு அவரோடு போய்விடும். மலிவானவரை எடுத்தால், அவர் விடும் ஒவ்வொரு கோலுக்கும் நமக்குப் புள்ளி குறையும். எனக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. ஏலம் அவர்களுக்கு ஞாயிறு காலை. எனக்கு ஞாயிறு மாலை, ராகு காலம். மனைவி கலண்டரைக் காட்டி என்னை உட்கார வைத்துவிடுவாள். அது முடிவதற்குள் நல்ல கோல்காப்பாளர்கள் எல்லாரும் போயிருப்பார்கள்.

“என்னடா, ராகு எந்திரிச்சுப் போயிட்டாரா?” என்று அண்ணன் சிரிப்பார்.

“சிரிங்கண்ணே. ஒரு ஆளுக்கே எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துட்டு, மிச்சப் பேருக்கு என்ன குடுப்பீங்க, பிளேன்டீயா?”

நான் தோற்கிற அணியொன்றின் கோல்காப்பாளரை மலிவாக எடுப்பேன். அவரை நோக்கித்தான் நிறைய அடிகள் வரும். தடுக்கும் ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. அப்படித் தப்பிப் பிழைத்து வந்தேன்.

போன பருவத்தின் கடைசி வாரத்தில், அடியில் நின்றவர்கள் நாங்கள் இருவரும்தான். அண்ணன் என்னைவிடச் சற்றே முன்னால். அவருடைய விலை கூடிய கோல்காப்பாளர் காயத்தால் ஒதுங்கியிருந்தார். அப்படி இருக்கும்வரை அவர் சம்பளம் கணக்கில் வராது என்பதால், அண்ணன் இன்னொருவரை வாங்கியிருந்தார். காயம் ஆறி அவர் திரும்பியதும் இரண்டு சம்பளமும் சேர்ந்து வரம்பைத் தாண்டின. ஒருவரை விடுவிக்க வேண்டும். அணிகள் பூட்டப்படுவது அவர்களுடைய திங்கள் மாலையில், அதாவது என் செவ்வாய் விடியற்காலையில். இரண்டு திகதிகளையும் சேர்த்தே நினைவில் வைப்பது என் பழக்கம். எழும்பிப் பார்த்தேன். அண்ணனின் அணி சிவப்பில் நின்றது.

பேசாமல் இருந்தால் அவர் விலகுவார். சொன்னால் நான் விலகுவேன். எப்படிப் பார்த்தாலும் அந்த வாராந்தப் பேச்சு முடியப்போகிறது. அழைத்தேன்.

“அண்ணே, வரம்பு தாண்டி நிக்குது. ஒருத்தர விட்டுடுங்க, இன்னும் நேரம் இருக்கு.”

“தெரியும்டா.”

“தெரிஞ்சுமா?”

“காலையிலயே பாத்தேன். விடு. முடியலடா. வேலை முடிஞ்சு வந்து, எவனுக்குக் காயம், எவனுக்கு ஓய்வுன்னு பாத்துக்கிட்டு... ஒனக்குப் புடிக்குதேன்னுதான் இவ்வளவு நாளும் வச்சிருந்தேன்.”

“எனக்கா?” என்றேன். வீட்டுக்கு முன்னால், கொழும்பு போகும் வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. திரையில் அணிகள் பூட்டிக்கொண்டன. சாப்பிட்டுப் படுக்க வேண்டும் என்று அண்ணன் போனை வைத்தார்.

அடுத்த வாரம் அவர் அழைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் நானே அழைத்தேன். கோல்காப்பாளர் இல்லாமல் எங்கே தொடங்குவதென்று தெரியாமல், அங்கே குளிரா என்று கேட்டேன்.

“குளிர்தான்” என்றார்.