கொதிக்குதா அண்ணன்

போன் ஒருமுறை முழுசாக அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிடுவார். 'ஹலோ' கிடையாது. "என்ன, கொதிக்குதா?" என்பதுதான் முதல் பேச்சு. அதனாலேயே படகுத்துறையில் அவர் பெயர் கொதிக்குதா அண்ணன்.

படகு இன்ஜின் மெக்கானிக். ஈரப் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து மாடியை விட்டு இறங்குவதில்லை, இன்ஜின் வைத்தியமெல்லாம் போனில்தான். மனைவி, வெளிநாட்டில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போனாள். "குழந்தை தவழ்ந்ததும் வந்துடறேன்" என்றாள். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வீட்டில் நாலு நாற்காலி. மூன்றில் துணி காய்கிறது.

நேற்று மத்தியானம் அவர் சோற்றில் கை வைத்த நேரம், பயணிகள் படகு ஓட்டுகிறவன் கூப்பிட்டான்.

"அண்ணே, சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. படகு நிறைய ஆளுங்க."

"இன்ஜினை நிறுத்து. நங்கூரத்தைப் போடு. மூடியைத் திறந்துடாதே, மூஞ்சி வெந்துடும்."

"நங்கூரம் இழுபடுதுண்ணே. காத்து பாறைப் பக்கம் தள்ளுது."

"கயித்தை இன்னும் விடு, பிடிச்சுக்கும். பின்னால குழாயில தண்ணி வந்துச்சா?"

"சொட்டுகூட இல்ல."

"அப்ப இன்ஜினை ஆத்துற கடல் தண்ணி உள்ள ஏறல. வடிகட்டியைப் பாரு."

வடிகட்டி சுத்தமாக இருந்தது. போனில் யாரோ ஒரு பெண் அழுதாள். நடுவே மனைவியின் அழைப்பு வந்தது. திரையைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"அடியில தண்ணி இழுக்கிற ஓட்டை அடைச்சிருக்கு. இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு இறங்கு."

எச்சில் கை காய்ந்தது. கடைசியில் மூச்சிரைக்கிற குரல்: "பிளாஸ்டிக் பைண்ணே! அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நங்கூரமும் பிடிச்சிடுச்சு."

"நல்லா ஆறட்டும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணு."

போனை வைத்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"தாத்தாகிட்ட பேசணும்னு ஒரே அடம். நீங்க எடுக்கலையா, அழுது அழுது இப்பதான் தூங்கினான்" என்று கிசுகிசுத்தாள். "சத்தம் போட்டா எழுந்துடுவான். நாளைக்குப் பேசறேன்."

சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு படகுக்காரனைக் கூப்பிட்டார்.

"கரைக்கு வந்துட்டியா?"

"இப்பதாண்ணே. எல்லாரும் இறங்கியாச்சு. முள்ளும் இறங்கிடுச்சு."

"இன்ஜினை நிறுத்திடாதே. சத்தம் கேக்கணும்."

"சத்தமெல்லாம் சரியா இருக்குண்ணே."

"இருக்கட்டும். போனை அது பக்கத்துல வெச்சுட்டு நீ போய் டீ குடி."

ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து, தட்டுக்கு எதிரில் நிறுத்தினார். ஆறிப்போன சோற்றைப் பிசையத் தொடங்கினார்.