எழுபத்திரண்டாம் எண்

டைம் கீப்பர் வீட்டில் சுவர்க்கடிகாரம் கிடையாது. யாராவது கேட்டால் அவர் மனைவி, "ஒரு வீட்டுக்கு எத்தனை கடிகாரம் வேணும்? ஒண்ணுதான் சட்டை போட்டுக்கிட்டுச் சுத்துதே" என்பாள்.

தனியார் பேருந்துக் கம்பெனி ஒன்றில் முப்பத்தோரு வருடமாக நேரம் குறிக்கும் வேலை. பேருந்து நிலையத்தின் ஓரத்தில், கழிப்பறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு தகரக் கூண்டு. அதற்குள் ஒரு மேசை, அது ஆடாமலிருக்கக் காலடியில் மடித்துச் செருகிய அட்டை, ஒரு பதிவேடு. எந்த வண்டி எப்போது வந்தது, எத்தனை தலை ஏறியது என்று எழுதிவிட்டு வெளியே வந்து வண்டியின் பக்கத்தகட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்" என்பார். அந்தக் குரலுக்குப் பிறகு எந்த டிரைவரும் ஒரு நொடி நின்றதில்லை. ஓடி வருகிறவன் சொந்த அண்ணனாக இருந்தாலும் அடுத்த வண்டிதான்.

தெரிந்தவர் வீட்டில் கல்யாணமோ சாவோ, ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு அவர் தலையில்தான் வந்து விழும். விழுவதற்கு முன்பே தலையை நீட்டிவிடுவார் என்பது மனைவியின் கட்சி. கோடு போட்ட தாளில் ஸ்கேல் வைத்து நான்கு பத்திகள் இழுப்பார். எண், ஆள், வண்டி, கடைசியில் 'குறிப்பு'. அந்தக் குறிப்புப் பத்தியில்தான் அவருடைய திறமை இருந்தது. 'முழங்கால் வலி, முன் இருக்கை.' 'காது மந்தம், இரண்டு முறை கூப்பிடவும்.' 'இவரையும் பதினாலாம் எண்ணையும் ஒரே வண்டியில் ஏற்றக்கூடாது.' இதையெல்லாம் யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவராகவே தெரிந்து வைத்திருப்பார்.

ஒரு விதியும் உண்டு. லிஸ்ட் பிடிக்கிறவன் பெயர் லிஸ்டில் வரக்கூடாது. அவன் கடைசியாகத் தொற்றிக்கொள்ள வேண்டியவன். இடமில்லை என்றால் நின்றுவிட வேண்டியவன். "சோறு போடறவன் முதல் இலையில உட்காரலாமா?" என்று கேட்பார்.

இந்த விதிப்படியே அவருக்கு வாழ்க்கை ஓடியது. ஒரே மகள் பிறந்த அன்று நெரிசல் நாள். கூடுதல் வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். பள்ளியில் அவள் பரிசு வாங்கிய அன்று வேறு பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். பட்டம் வாங்கிய அன்று யாருடைய மாமியாரோ இறந்துபோய், நாற்பது பேருக்கு அவசரமாக ஒரு வண்டி தேவைப்பட்டது. மூன்று முறையும் வேறு யாரோ ஒருவருடைய குடும்பம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வேலைக்காக வேறு ஊரில் இருந்த மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கூடவே ஒரு பையனின் போட்டோவும் வந்தது. நண்பர்களோடு சேர்ந்து பண்ணை வைத்திருப்பவன். கல்யாணம் அந்தப் பண்ணையிலேயே. பதிவாளர் அங்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வார். மேளதாளம் ஒன்றும் கிடையாது.

"அங்க பஸ் போகாதுப்பா."

"பஸ் போகாத ஊர் ஒண்ணு இருக்கா?"

"ஊரே இல்லப்பா அது. தார் ரோடு முடியற முக்குல இருந்து பதினோரு கிலோமீட்டர் மண் ரோடு. நடுவுல ஓடை. ஜீப்தான் போகும். நீங்க பாத்துக்கறீங்களா?"

நெடுநாள் கழித்து அவள் அவரிடம் கேட்ட முதல் காரியம் அது. டைம் கீப்பர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. இந்தத் தடவை நானும் பயணிதான். லிஸ்ட்ல என் பேரும் வரும். நீ கையெழுத்துப் போடறப்ப பக்கத்துல நிப்பேன்."

மகள் சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு. கோபம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"சரிப்பா."

இரண்டு முறை விடுப்பு எடுத்து அந்த முக்குக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வழியில் நான்கு ஜீப்களைப் பேசி அமர்த்தினார். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம், ஏறி இறங்கப் பத்து. ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான். அடியில் மணல் மோசம். ஒரு ஜீப்பில் ஆறு பேரை உட்காரவைத்து ஓட்டச் சொன்னார், கடந்தது. ஏழாவதாகத் தானே ஏறி உட்கார்ந்து ஓட்டச் சொன்னார். நடு ஓடையில் சக்கரம் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று.

"ஆறுதான். ஏழாவது தலை ஏறக்கூடாது" என்று நான்கு டிரைவர்களிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

நான்கு ஜீப், மூன்று நடை, ஆறு தலை. எழுபத்திரண்டு இடம். விருந்தாளிகள் எழுபத்தொரு பேர். கணக்கு இப்படி வந்து பொருந்தியபோது, யாரோ மேலேயிருந்து பார்த்துச் செய்தது போல அவருக்குத் தோன்றியது. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். கடைசி வரியில் '72. பெண்ணின் அப்பா. மூன்றாவது நடை, நாலாவது ஜீப்' என்று எழுதிவிட்டுக் குறிப்புப் பத்தியில் என்ன போடுவது என்று தெரியாமல் வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு, 'எங்கே வேண்டுமானாலும்' என்று எழுதினார்.

தாள்களைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். அவள் அதைப் பார்த்து டைப் செய்து, எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, அவருக்கும் அனுப்பினாள். கடைத்தெருவில் பிரிண்ட் எடுத்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். முழங்கால்கள், காதுகள், பகைகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கடைசிப் பக்கத்தின் அடியில் எண்ணை மட்டும் பார்த்தார். எழுபத்திரண்டு. சரியாக இருந்தது. மடித்து வைத்துவிட்டார். ஒரு லிஸ்டில் தன் பெயரைத் தேடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே மகளோடு பண்ணைக்குக் கிளம்பிய மனைவி, வாசலில் பையோடு நின்றாள்.

"நீங்களும் கூடவே வந்துடுங்க."

"முக்குல யாரு நிக்கறது?"

"முக்குல நிக்கறதுக்கு ஒரு கல்லை நட்டா போதும்."

"பத்து பத்துக்கு அங்க இருப்பேன். கையெழுத்து பத்தரைக்குத்தானே?"

அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "வந்தா சரி. உங்க பொண்ணு எதிர்பார்க்க மாட்டா. எதிர்பார்த்து எதிர்பார்த்து விட்டுட்டா. எனக்குப் பயமே அதுதான்."

கல்யாண நாள் காலை ரயிலடியிலிருந்து இரண்டு பேருந்துகள் வந்து முக்கில் ஆட்களை இறக்கிவிட்டு, மாலை ரயிலுக்குத் திரும்பக் கூட்டிப்போவதற்காக அங்கேயே நின்றன. முக்கு என்பது பூட்டிய பெட்டிக்கடை ஒன்று, ஒரு பெஞ்சு, தார் ரோடு முடிந்துபோன விளிம்பு. அதற்கப்பால் போன் எடுக்காது. ஆறரைக்கு முதல் நடை, எட்டுக்கு இரண்டாவது நடை. இரண்டும் ஊசி நுழைகிற இடைவெளிகூட இல்லாமல் போயின. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத அக்கா தங்கை இருவரை வேறு வேறு ஜீப்பில் போட்டிருந்தார். ஏறும்போது அக்காக்காரி, "என்னை மட்டும் ஏன் தனியா தள்ளிவிட்டீங்க? அவ போற வண்டி நல்ல வண்டியா?" என்று சண்டைக்கு வந்தாள்.

"ரெண்டும் ஒரே கம்பெனி வண்டிதான் அக்கா. உங்களுதுல குஷன் புதுசு."

"அப்ப சரி."

இரண்டாவது நடை போனபின் பெட்டிக்கடைக்குப் பின்னால் போய்ப் புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கம்பெனிக்காரன் மடித்த மடிப்பு அப்படியே நெஞ்சில் கட்டம் போட்டிருந்தது. பேருந்து டிரைவர் ஒருவர் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை யாரு சார், நீங்களா?" என்றார். டைம் கீப்பருக்கு வெட்கமாகிவிட்டது.

ஒன்பது இருபத்தாறு. மூன்றாவது நடையின் மூன்று ஜீப்களும் போய்விட்டன. நாலாவதில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் இடம் காலி.

லிஸ்டில் இன்னும் ஒரே ஒரு ஆள் பாக்கி. அவர் மச்சான், மனைவியின் தம்பி. வண்டி போனபிறகு பிளாட்பாரத்துக்கு வருகிற ஆள். தன் கல்யாணத்துக்கே அரை மணி தாமதமாக வந்து, "முகூர்த்தத்தை ஒருத்தன் பிடிச்சு வெச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டவன். அவனுக்கு ஓர் இடம், தனக்கு ஓர் இடம். ஆனால் ஜீப்பில் ஒன்றுதான் இருந்தது.

மறுபடி எண்ணினார். டிரைவருக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தாள்.

"நீங்க யாரும்மா?"

"கல்யாணப் பொண்ணோட ஆபீஸ்ல வேலை பாக்கறேன் அங்கிள். கடைசி நேரத்துலதான் வரேன்னு சொன்னேன். எழுபத்திரண்டு." போனைக் காட்டினாள். எழுபத்திரண்டாம் எண்ணில் அவள் பெயர் இருந்தது. குறிப்பு: 'வண்டியில் குமட்டும், முன் இருக்கை.'

டைம் கீப்பர் தன் தாளை விரித்தார். முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு லிஸ்டில் தன் பெயரைத் தேடி அவர் விரல் இறங்கியது. ஒன்றிலிருந்து எழுபத்திரண்டு வரை இறங்கி, தாளின் அடியிலிருந்த வெற்றிடத்தில் போய் நின்றது.

ஒன்பது இருபத்தெட்டு. மச்சான் வரமாட்டான். எப்போது வந்திருக்கிறான்? வாழ்நாள் முழுக்க அந்தத் தாமதத்துக்காக அவனைத் திட்டியவர், அன்று அதையே வேண்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். இன்னும் இரண்டே நிமிடம். அந்த இடம் நியாயமாகவே தன்னுடையதாகிவிடும்.

ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் தெரிந்தது. யாரோ ஒருவனுக்குப் பின்னால், மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை அணைத்தபடி மச்சான் உட்கார்ந்திருந்தான். இறங்கும்போதே கத்தினான்.

"பாத்தீங்களா அத்தான்! டைமுக்கு வந்துட்டேன்! இன்னிக்கி மழைதான்!"

"என்ன மாப்ள ஃபைலு?"

"நம்ம பக்கம் சாட்சிக் கையெழுத்து நான்தானே. பாப்பா சொல்லலையா? அடையாள அட்டை ஒரிஜினல் எடுத்துட்டு வரணும்னு பத்துத் தடவை போன் பண்ணிட்டா. பாரத்துல என் பேரை முன்னாடியே குடுத்தாச்சாம். நான் போகலேன்னா கையெழுத்தே ஆகாது."

மச்சான் அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தான். புதுச் சட்டையைப் பார்த்தான். குரலை இறக்கினான்.

"நான் கேட்டேன் அத்தான். அப்பா இருக்கறப்ப நான் எதுக்குன்னு கேட்டேன். 'அப்பா வண்டி விட்டுக்கிட்டு இருப்பாரு மாமா, அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம். லிஸ்ட்லகூட அவர் பேரு தெரியாம வந்துடுச்சு, எடுத்துட்டேன்'னு சொன்னா."

ஜீப் டிரைவர் எட்டிப் பார்த்தார். "நீங்களும் ஏறுங்க சார். ஓடைகிட்ட எல்லாரையும் இறக்கி நடக்க விட்டுக்கலாம்."

"நான் வேணா இறங்கிக்கறேன் அங்கிள்" என்று அந்தப் பெண் பாதி எழுந்தாள்.

மச்சான் ஏறி, பக்கத்திலிருந்தவரை நெருக்கிக்கொண்டு, ஒரு சாண் இடம் காட்டினான். "வாங்க அத்தான், மடியிலகூட உட்காருங்க!"

ஏறியிருக்கலாம். ஒரு கால் வைத்தால் போதும். ஆனால் கடிகார முள் முப்பதைத் தொட்டது. அவர் முடிவெடுக்கும் முன்பே வலது கை எழுந்து ஜீப்பின் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டியது. வாய் சொன்னது:

"போலாம் ரைட்!"

அந்தக் குரலுக்குப் பிறகு எந்த டிரைவர் நின்றான்? வண்டி பாய்ந்தது. "அத்தான்! அத்தான்!" என்று மச்சான் கத்துவது புழுதிக்குள்ளிருந்து கொஞ்ச தூரம் கேட்டது.

அவர் நடக்கத் தொடங்கினார். முதல் வளைவு வரை போனார். பதினோரு கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. இந்தக் கணக்கைப் போட அவருக்குத் தாளும் தேவையில்லை, பேனாவும் தேவையில்லை. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பத்தரைக்கு எழுந்து நின்றார். பத்து முப்பத்தொன்றுக்கு உட்கார்ந்தார். பேருந்துகளுக்கடியில் விரித்துப் படுத்திருந்த டிரைவர்களில் ஒருவர், "என்ன சார், வண்டி வருதா?" என்று தலையைத் தூக்கினார். "இல்ல" என்றார்.

பதினொன்று ஐந்துக்கு நாலாவது ஜீப் மட்டும் காலியாகத் திரும்பி வந்தது. டிரைவருக்கு வாயெல்லாம் பல்.

"முடிஞ்சுது சார். பத்தே காலுக்கே போட்டுட்டாங்க. அந்த ஆபீசர் சொல்றாரு, இத்தனை வருஷத்துல இவ்வளவு கரெக்டா எல்லாரும் வந்து சேர்ந்த கல்யாணத்தைத் தான் பார்த்ததே இல்லையாம்!"

"பாப்பா ஏதாவது..." என்று ஆரம்பித்தார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல."

"இதைக் குடுக்கச் சொன்னாங்க." ஒரு சாப்பாட்டு டப்பா. மனைவி கட்டியது, அவளுடைய முடிச்சு. டப்பாவுக்கு மேல் மடித்த தாள்கள். திரும்பிப் போவதற்கான லிஸ்ட். கோடு போட்டு, நான்கு பத்திகள் இழுத்து, மகளின் கையெழுத்தில். முதல் தாளின் பின்பக்கம் எழுதியிருந்தது:

'அப்பா, எல்லாரும் டைமுக்கு வந்துட்டாங்க. ரொம்ப தேங்க்ஸ். திரும்பற முதல் நடை ஒரு மணிக்கு. வயசானவங்க முதல்ல. ஒரு தடவை சரிபார்த்துடுங்க.'

"ஏறுங்க சார். போய்ப் பாத்துட்டு வந்துடலாம். நேரம் இருக்கு."

"போய்?"

டிரைவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

டைம் கீப்பர் டப்பாவைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். அவசரத்தில் அக்காவையும் தங்கையையும் ஒரே ஜீப்பில் போட்டிருந்தாள். அடித்துவிட்டு மாற்றி எழுதினார். குமட்டுகிற பெண்ணுக்கு முன் இருக்கை போட்டிருந்தாள்; சரி. மச்சான் கடைசி நடையில், அதுவும் சரி. கீழே போய் மொத்தத்தைப் பார்த்தார். எழுபத்திரண்டு.

சரியாக இருந்தது.