மல்லிகை போர்த்திய எஞ்சின்

நிச்சயம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளை போனில் பேசியதெல்லாம் தன் காரைப் பற்றித்தான். பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். ஒரு வெள்ளைக்காரத் துரை தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போகும்போது போட்டுவிட்டுப் போனதை வாங்கி, பதுளையில் தன் கராஜில் வைத்து ஓட வைத்திருந்தார்.

"இதுக்கு ரேடியேட்டரும் கெடையாது, தண்ணியும் கெடையாது. எஞ்சின் பின்னாடி இருக்கு. மூடியில இருக்கிற கம்பி இடுக்கு வழியாத்தான் காத்தாடி காத்த இழுக்கணும். அத அடைச்சா தீந்துச்சு" என்பார். ஏற்றத்தில் சின்ன கியரில் போனால்தான் காத்தாடி வேகமாகச் சுற்றுமாம். எனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை, மகராசன்.

கல்யாணம் பெரகலைக்குக் கீழே எங்கள் தோட்டத்துக் கோயிலில், வைகாசி வெயிலில் நடந்தது. தாலி ஏறி வெளியே வந்தால், காரின் பின்பக்கம் முழுக்க மல்லிகைச் சரம் தைத்த துணி. மாமியாரின் ஏற்பாடு.

"பின்னாடி மட்டும் வேணாம்மா" என்றார் இவர்.

"ஏன்டா? வேன்ல பின்னால வர்ற சனம் எதப் பாக்கும்? ஒன் டயரையா?"

அவ்வளவுதான். இவர் சாவியை எடுத்துக்கொண்டு முன் கதவைத் திறந்தார்.

ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன்: "என்னங்க, காத்து போகாதுன்னீங்களே?"

"மெதுவா போயிரலாம். நீ புதுப்பொண்ணா ஒக்காரு."

அப்புத்தளை ஏற்றத்தில் ஒரு மரக்கறி லொறிக்குப் பின்னால் ஊர்ந்தோம். வெந்த மல்லிகையும் கருகிய எண்ணெயும் சேர்ந்து நாறின. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. 'கடக்' என்று ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது.

கொழுந்தனார் வேனிலிருந்து தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தார். "ஊத்தாதடா! இந்தச் சூட்டுல தண்ணி பட்டா வெடிச்சிரும்!" என்று கத்தியபடி இவர் துணியைப் பிடுங்கி எறிந்தார். கம்பி இடுக்குக்கு நேராகப் பூவெல்லாம் பழுப்பாகிச் சுருண்டிருந்தது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

மாமியார் இறங்கி வந்து என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "இத்தன வருசத்துல ஒருநாள் நின்னுச்சா? இவ கால் வச்சா, நின்னுருச்சு. வெளங்காத காலு!"

வேன் சனம் மொத்தமும் என் காலைப் பார்த்தது. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். 'உங்க துணிதாம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் அந்த வீட்டில் மனுசியாக நுழைவேன். இவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா. இவ ஏறுனதுல இருந்தே ஒரு மாதிரியாத்தான் ஓடுச்சு."

"துணியப் பாருங்க மாமி, எப்பிடிக் கருகியிருக்குன்னு" என்றேன்.

"வந்த அன்னிக்கே வாயப் பாரு!"

இவர் என் பக்கம் குனிந்து, "பேசாம இரு. அம்மா மனசு கஷ்டப்படும்" என்றார். என் மனசு என்ன, கட்டாந்தரையா?

என்னை வேனில் கடைசி சீட்டில் ஏற்றினார்கள். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. காரை வாடகை லொறி ஒன்றில் ஏற்றிக்கொண்டு இவர் பின்னால் வந்தார்.

பதுளையில் வீட்டு வாசலில் நின்றேன். மாமியார் ஆரத்தித் தட்டோடு வந்தார். தலையைக் குனிந்தேன். என்னைத் தாண்டிப் போய், லொறியிலிருந்து இறக்கிய காருக்கு மூன்று சுற்று சுற்றினார். "எந்தக் கண்ணு பட்டுச்சோ என் தங்கத்துக்கு" என்று அழுதார். இவர் தட்டில் விரலைத் தோய்த்து காரின் நெற்றிக்குப் பொட்டு வைத்தார்.

"நான் எப்பிடிங்க உள்ள போறது?" என்று கேட்டேன்.

"பின்பக்கம் தொறந்துதான் இருக்கு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

சுற்றிக்கொண்டு போனேன். அடுப்பு புகையும் குசினி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் சொல்லாமல், நானே என் வலது காலை எடுத்து உள்ளே வைத்தேன்.