கதவில் ஒட்டிய பட்டியல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, விடாமல் மழை பெய்த ஒரு மாதத்தில் நடந்தது இது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் தர ஆசிரியையாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவிலிருந்து திரும்பும்போது, எனக்கு மிகவும் பிடித்த நாவலைப் பஸ்ஸில் மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மாணவி ஒருத்தியின் அம்மா. கொழுந்து பறிப்பவர்.

"என்னா கதைங்க டீச்சர் அது?" என்று கேட்டார்.

கேட்டால் விடுவேனா? வருங்காலத்தில் ஒரு நகரம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு விளக்கு. அந்த வீட்டார் அன்றைக்கு எவ்வளவு உபயோகமாக இருந்தார்கள் என்று பார்த்து, அரசாங்கம் அதை நீலமாகவோ சிவப்பாகவோ எரியவிடும். சிவப்பு எரியும் வீட்டோடு யாரும் பேசமாட்டார்கள். கைப்பேசியில் லைக் எண்ணுகிறோம், ஆளுக்கு ஆள் நட்சத்திரம் போடுகிறோம், நாமும் அந்த நகரமாகத்தான் மாறிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் எங்கே படிக்கப்போகிறார் என்ற நினைப்பில் முடிவையும் சொல்லப் போனேன்.

"ஐயோ, முடிவச் சொல்லிறாதீங்க. படிச்சுட்டுத் தர்றேன்" என்று கையை நீட்டினார். வெட்கத்தோடு கொடுத்தேன்.

அடுத்த வாரங்களில் அவருடைய மகள் அடிக்கடி வகுப்புக்கு வராமல் இருந்தாள். கேட்டால் வயிற்றுவலி என்பாள். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் நேரத்தில் இப்படியா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒருநாள் பாடசாலை விட்டபின் அந்த அம்மா வந்தார். நாவலை மழையில் நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றியிருந்தார். பிள்ளைகளின் சின்ன வாங்கில் உட்கார்ந்தார்.

"அழுதுட்டேங்க டீச்சர். அந்தப் புள்ள வாசல் வெளக்கப் பாக்காம, வீட்டுக்குப் பின்பக்கமா சுத்தி வருமே... அங்கதான்."

அப்படி ஒரு இடம் இருந்ததே எனக்கு நினைவில்லை. அரசாங்கத்தை எதிர்த்துப் பேசும் பக்கங்களில்தான் நான் கோடு போட்டிருந்தேன்.

அவர் தயங்கித் தயங்கி வகுப்புக் கதவைக் காட்டினார். பயிற்சிப் பரீட்சைப் புள்ளிகளை வரிசைப்படுத்தி நான் ஒட்டிய பட்டியல் அதில் இருந்தது. முதல் ஐந்து பெயர்கள் நீலத்தில். கடைசி ஐந்து சிவப்பில். அவருடைய மகளின் பெயர் எல்லாவற்றுக்கும் கீழே.

"கோவிச்சுக்காதீங்க. கொழுந்து நிறுக்கிற எடத்துல கிலோ கொறஞ்சா எங்க பேர எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுவாங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், பொய்யா வயித்துவலின்னு சொல்றாளேன்னு புள்ளய ஏசிட்டேன். இதப் படிச்சப்புறந்தான் வெளங்குச்சு."

என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. தன்னைத்தான் நொந்துகொண்டார். எழுந்துபோய்ப் பட்டியலைக் கிழித்தேன். அவரும் வந்து, கொழுந்துக் கறை படிந்த நகத்தால் மிச்சமிருந்த டேப்பைச் சுரண்டினார்.

மறுநாள் அந்தச் சிறுமி வந்தாள். கதவருகே நின்று வெறும் பலகையைப் பார்த்தாள்.

"இனிமே ஒட்ட மாட்டீங்களா டீச்சர்?"

"மாட்டேன்மா. டீச்சர் செஞ்சது தப்பு."

சிறிது நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தாள். பரீட்சையில் அவள் சித்தியடையவில்லை. ஆனால் அதன்பிறகு ஒருநாள்கூட வராமல் இருக்கவில்லை.

நல்ல நாவல் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் இன்றும் அதைத்தான் கொடுக்கிறேன். அத்தனை முறை படித்தும் நானே அந்த நகரத்தில் குடியிருந்தது எனக்குத் தெரியவில்லை. ஒரே முறை படித்து, அதை இவ்வளவு பதமாக எனக்குச் சொன்ன அந்த அம்மாவை நினைக்கும்போதெல்லாம், கற்பிக்கிறவள் என்ற பெயருக்கு நான் இன்னும் தகுதி தேட வேண்டியிருக்கிறது என்றே தோன்றுகிறது.