கட்டைவிரல் போடாத குரூப்

"இதனால கம்பெனிக்கு இன்னா லாபம்?"

போன மாதம் இரண்டாவது வாரம், எங்கள் கும்மிடிப்பூண்டி ஆலையின் மீட்டிங் அறையில் ஜி.எம். கேட்ட கேள்வி இது. பதில் சொல்ல வேண்டியவர், சென்னையிலிருந்து லேப்டாப்போடு வந்திருந்த மென்பொருள் கம்பெனிக்காரர்.

ஆபீஸிலும் லைனிலும் நாங்கள் சேதி அனுப்பிக்கொள்ள ஒரு ஆப் வைத்திருக்கிறோம். அதன் அடுத்த வெர்ஷன் வரப்போகிறது, அதற்குத்தான் டெமோ. தமிழில் பேசினால் தானே டைப் ஆகுமாம். மீட்டிங் முடிந்ததும் சுருக்கம் வருமாம். மெஷினைப் படம் பிடித்துப் போட்டால் அதன் பழைய ரிப்பேர் கதையெல்லாம் கூடவே வந்து நிற்குமாம். நல்லதுதான்… ஆனால் ஸ்லைடுக்கு ஸ்லைடு ஒரு அம்புக்குறி மேலே ஏறிக்கொண்டே போனது. எதனுடைய அம்பு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் தலையாட்டினோம்.

சிஸ்டம்ஸ் டிபார்ட்மென்ட் என் பொறுப்பு. நான்தான் ஸ்லைடைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் என் கண்ணெல்லாம் கடைசி நாற்காலியில் இருந்த ஸ்டெல்லா மேல்.

ஸ்டெல்லா யார்? தகடுகளை அழுத்தி வடிவமைக்கிற எங்கள் பிரஸ் லைனின் முதல் பெண் ஷிஃப்ட் இன்சார்ஜ். நிரந்தரம் இல்லை, ஒரு மாத ட்ரையல். வீடு ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமம். புருஷனுக்கு அத்திப்பட்டு பவர் பிளான்ட்டில் கான்ட்ராக்ட் வேலை. யு.கே.ஜி. படிக்கிற மகளை ஸ்கூல் வேன் மூன்றரை மணிக்கெல்லாம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து பத்தாவது நிமிஷம் கிளம்பும் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால்தான் அதற்குள் போய்ச் சேரலாம். விட்டால் பஸ் மாறி, அப்புறம் ஷேர் ஆட்டோ… அது ஆள் நிரம்பாமல் கிளம்பாது. குழந்தை பூட்டின கதவு முன்னால் நிற்கும்.

இதில் என்ன சிக்கல் என்கிறீர்களா?

எங்கள் பக்கத்து ஆலைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் முடிந்து போகிற இன்சார்ஜ், வருகிற இன்சார்ஜைக் கூட்டிக்கொண்டு லைனை ஒரு சுற்று வருவார். இந்த மெஷின் இப்படி, அந்த மெஷின் அப்படி என்று வாயால் ஒப்படைப்பார். நடுவில் டீ, கொஞ்சம் ஊர்க்கதை. அரை மணி ஓடிப்போகும். பைக் வைத்திருக்கிற ஆண்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. பஸ்ஸை நம்பியிருக்கிற பெண்ணுக்கு? இப்படித்தான், 'லேடீஸுக்கு இன்சார்ஜ் வேலை சரிப்படாது' என்று வருஷக்கணக்கில் சொல்லிவந்தோம்.

ஸ்டெல்லா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒப்படைக்க வேண்டியதை எல்லாம் தெளிவாக எழுதி, குரூப்பில் போட்டுவிட்டு பஸ் ஏறினாள். ட்ரையலின் முதல் வாரமே வந்தது வினை.

மூன்றாம் பிரஸ்ஸில், கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சார் வேலை செய்யவில்லை. 'ரிப்பேர் ஆகும் வரை ஓட்ட வேண்டாம்' என்று எழுதியிருந்தாள். அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். அடுத்த ஷிஃப்ட் இன்சார்ஜ் குணாவின் கட்டைவிரலும் இருந்தது. மெஷினும் ஓடியது! நல்லவேளை, ஆபரேட்டர் கையை வெளியே எடுத்துவிட்டார். உள்ளே இருந்த இடுக்கி மேல் பிரஸ் இறங்கி, டை என்கிற அச்சு பிளந்துபோனது.

குணா மோசமான ஆள் இல்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆடிப்போயிருந்தார்.

"இன்னா சொல்றது மேடம்… ஜி.எம். சார் ஒரு தத்துவம் போட்டிருந்தாரு. அதுக்கு கட்டவெரல் போட்டுக்கினே கீழ வந்தேன். ஸ்டெல்லாதுக்கும் போட்டுட்டேன். போடாம வுட்டா மதிக்கலன்னு ஆயிடும்ல?"

பாருங்கள்! நம் ஊரில் கட்டைவிரல் என்றால் 'படித்தேன்' என்று அர்த்தமில்லை. 'வணக்கம் சார்' என்று அர்த்தம். பெரியவர் கடந்து போனால் எழுந்து நிற்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. உங்கள் ஆபீஸ் குரூப்பைத் திறந்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ஆனால் பாவம் ஓரிடம், பழி ஓரிடம். 'பஸ்ஸுக்கு ஓடினதால் வந்தது' என்று பேச்சு கிளம்பி, மாதக் கடைசியில் ஸ்டெல்லாவைப் பழைய வேலைக்கே அனுப்புவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அவள் அழவில்லை. எழுதிப் போட்டேனே, படிக்காதது யார் தப்பு என்று என்னிடம் கோபமாகக் கேட்டாள். எனக்கு அந்தக் கோபம் ரொம்பப் பிடித்திருந்தது.

மறுபடி டெமோவுக்கு வருகிறேன். லாபக் கேள்விக்கு மென்பொருள் கம்பெனிக்காரர் பதில் தேடுகிற அவசரத்தில் ஒரு ஸ்லைடைத் தாண்டிப் போனார். நான் விடவில்லை, பின்னால் போகச் சொன்னேன். ஷிஃப்ட் ஒப்படைக்க என்று தனிப் பக்கம். அதில் கட்டைவிரலையே எடுத்துவிடலாம். போகிறவர் லைனில் நடந்தபடியே டேப்லெட்டில் பேசிப் பதிவு செய்யலாம். வருகிறவர் அதைக் கேட்டு, என்ன புரிந்தது என்று தன் குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை அந்த விஷயம் சிவப்பாகவே நிற்கும்.

இதுதான் எங்களுக்கு வேண்டும் என்றேன். ஜி.எம். முகம் சுருங்கியது. கட்டைவிரல் இல்லாவிட்டால் யார் பார்த்தார்கள் என்று தனக்கு எப்படித் தெரியும் என்றார்.

"இப்பவும் உங்களுக்குத் தெரியாது சார்" என்றேன்.

கடைசி நாற்காலியிலிருந்து ஸ்டெல்லா எழுந்தாள்.

"இந்த மாசம் முடியற வரைக்கும் டைம் குடுங்க சார். குணாண்ணா திருப்பிச் சொல்லாம நான் பஸ் ஏற மாட்டேன். சொல்லிட்டாருன்னா பஸ்ஸ வுட மாட்டேன்."

ஜி.எம். சரி என்றார். வேண்டாவெறுப்பாகத்தான்.

புது வெர்ஷனை முன்கூட்டியே ட்ரையலுக்கு வாங்கினேன். ஷிஃப்ட் முடியும் முன்பே ஸ்டெல்லா சுற்றி வந்து பேசிவிடுவாள். குணா கேன்டீனில் மதியச் சாப்பாடு சாப்பிட்டபடி கேட்டுத் திருப்பிச் சொல்வார். முதல் இரண்டு நாள் கூச்சத்தில் முணுமுணுத்தார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி இருக்குதாம்.

மூன்றாம் நாள் கேட் அருகே நான் நின்றிருந்தேன். பஸ் உறுமிக்கொண்டிருக்கிறது. ஸ்டெல்லா ஏறவில்லை, போனைக் காதில் வைத்துக் குணாவின் பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாம் பிரஸ்ஸின் ஆயில் லீக்கை அவர் விட்டுவிட்டார். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், உள்ளே ஆட்கள் பேஜாரு பண்ணாதே என்று கத்துகிறார்கள். அவள் அசையவில்லையே! குணாவைக் கூப்பிட்டு, விட்டதைச் சொல்லி, அவர் வாயால் அதைத் திரும்பக் கேட்ட பிறகுதான் படியில் கால் வைத்தாள். குணாவும் நேராக அந்தப் பிரஸ்ஸுக்குப் போய் லீக்கைப் பார்த்தார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

மாதம் முடியும் வரை ஒரு ஒப்படைப்பும் தவறவில்லை. போன வெள்ளிக்கிழமை ஸ்டெல்லாவுக்கு நிரந்தர இன்சார்ஜ் ஆர்டர் வந்தது. ஜி.எம். தன் கையாலேயே கொடுத்தார். மற்ற இரண்டு லைன் இன்சார்ஜுகளும் என்னிடம் வந்து தங்களுக்கும் அந்தப் பக்கத்தைப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் ஆள் காத்திருப்பார்கள்தானே? அரை மணி சும்மா நின்றது அவர்களும்தான்.

நேற்று பேக்கிங் செக்ஷனிலிருந்து இரண்டு பெண்கள் என் மேஜைக்கு வந்தார்கள். இன்சார்ஜ் வேலைக்கு எப்படி அப்ளை பண்ணுவது என்று விசாரித்தார்கள். சொன்னேன். போகும்போது ஒருத்தி தயங்கி நின்றாள்.

"பஸ்ஸு போயிடாதே மேடம்?"

"நீ அப்ளை பண்ணும்மா. பஸ்ஸை நான் பார்த்துக்கறேன்."