பத்தாயிரத்து ஒன்றைக் கட்டிய முருகம்மாள்

நாரணாபுரம் முருகம்மாளுக்கு எந்த எண்ணைப் பார்த்தாலும் வகுக்கத் தோன்றும். பஸ் நம்பர், கேஸ் கனெக்‌ஷன் நம்பர், மருமகனின் செல் நம்பர், எதுவும் தப்பாது. சிவகாசியில் காமராஜ் நடத்தும் காலண்டர் அச்சகத்தில் பதினேழு வருடமாகக் கட்டுப் போடுகிறார். அச்சான காலண்டர்களை எண்ணி, சமமான கட்டுகளாகக் கட்டி லோடு ஏற்ற வேண்டும்.

இந்த வருடம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தார். லீவு கேட்ட அன்றுதான் விருதுநகர் பருப்பு வியாபாரி லட்சுமிகாந்தத்தின் ஆர்டர் அச்சாகி முடிந்தது. மொய் எழுதுகிற மாதிரி பத்தாயிரத்து ஒரு காலண்டர். எல்லாக் கட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டுமாம். ஒன்று மிஞ்சினால் வருடம் முழுக்கச் சரக்கு மிஞ்சுமாம்.

“கட்டிட்டுக் கிளம்புங்கக்கா,” என்றார் காமராஜ்.

“நூறு நூறாக் கட்டுனா ஒண்ணு மிஞ்சுதே மொதலாளி.”

“அந்த ஒண்ணுக்காகத்தான் மனுசன் சண்டைக்கே வருவாரு.”

முருகம்மாள் அட்டையில் கணக்குப் போட்டார். மூன்றில் போகவில்லை. ஏழில் ஐந்து மிச்சம், பதிமூன்றில் நாலு மிச்சம். முப்பத்தேழு வரை வந்தும் அசையவில்லை.

“இம்புட்டு நேரத்துல ஒரு பொண்ணுக்கு வரன் பாத்து முடிச்சிருக்கலாம்,” என்றாள் பக்கத்தில் கட்டுப் போடும் பஞ்சம்மாள்.

முருகம்மாள் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார். முன்னூற்று அறுபத்தைந்து தேதித் தாளை ஐந்து பேர் பிரித்து அடுக்கினால் ஆளுக்கு எழுபத்து மூன்று. அந்த எழுபத்து மூன்றை வைத்து வகுத்தார். நூற்று முப்பத்தேழு கட்டு, மிச்சம் ஒன்றுமில்லை.

மாலைக்குள் கட்டி முடித்தார்கள். கடைசிக் கட்டில் எழுபத்திரண்டுதான் இருந்தது. மூன்று தடவை எண்ணியும் அதேதான். பிறகுதான் பஞ்சம்மாள் சாமி அலமாரியைக் காட்டினாள். முதல் பிரதி வழக்கப்படி சந்தனம் குங்குமத்தோடு பிள்ளையார் முன்னால் இருந்தது.

“சாமிக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்குறதா?” என்றார் காமராஜ்.

“பிள்ளையாருக்கு அடுத்த பார்ட்டி காலண்டரை வையிங்க. அவரு பொறுத்துக்கிடுவாரு. பருப்புக்காரரு பொறுக்க மாட்டாரு.”

பொட்டு வைத்த காலண்டர் எழுபத்து மூன்றாவதாகக் கட்டில் ஏறியது. லீவும் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை தீச்சட்டி ஏந்திக் கோயிலை நெருங்கும்போது செல் அடித்தது. கூட வந்திருந்த பஞ்சம்மாள் அதை எடுத்து முருகம்மாளின் காதில் வைத்தாள். காமராஜ்தான்.

“அக்கா, லட்சுமிகாந்தம் பொட்டு வச்ச காலண்டரைப் பாத்துட்டு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. அவரு மச்சினன் பத்தாயிரத்து ஏழு கேக்காக. எத்தனையாக் கட்டுறது?”

முருகம்மாள் சட்டியை இறக்கும்வரை வகுத்தார். நூறு வரைக்கும் பார்த்தாயிற்று. எதிலும் போகவில்லை. காமராஜைத் திரும்பக் கூப்பிட்டார்.

“மொதலாளி, இது எதுக்கும் மசியாத நம்பரு. ஒண்ணு கூட்டிக்கிடச் சொல்லுங்க. எழுபத்திரண்டா நூத்தி முப்பத்தொம்பது கட்டு.”

“மாரியாத்தாகிட்ட என்னக்கா வேண்டுனீக?” என்றாள் பஞ்சம்மாள்.

“எங்க வேண்ட விட்டாக? இரு, இன்னொருக்கா கோயிலச் சுத்திட்டு வாரேன்.”