வேதியியலை விட்ட வாரம்

ஆம்பூரிலிருந்து வேலூர்க் கல்லூரிக்குப் போன முதல் ஆண்டில் நான் சேர்ந்தது வேதியியல். அப்பா தோல் தொழிற்சாலையில், தோல்களைச் சுழற்றும் பெரிய டிரம்மில் வேலை பார்த்தார். மகன் அதே தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. மேலாளரிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

எனக்கோ துணைப்பாடமாக வந்த கணக்கில்தான் மனம் நின்றது. கணக்குத் துறையில் ஓர் இடம் காலியானது. மாறுவதற்கு அந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். பஸ் பாஸுக்கான தாள் என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில், சாப்பிட உட்கார்ந்தவரிடம் உண்மையையே சொன்னேன்.

"கணக்கு படிச்சா இன்னா வேல கெடைக்கும்?" என்றார்.

"தெரியலப்பா. ஆனா கெமிஸ்ட்ரிய மூணு வருஷம் என்னால படிக்க முடியாது."

"மேனேஜர் கைல நான் இன்னான்னு சொல்றது?"

நான் விண்ணப்பத்தை அவர் தட்டருகே வைத்தேன். அவர் கை கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகும் பல மாதங்கள், டீக்கடையில் யாராவது கேட்டால் "பையன் கெமிஸ்ட்ரி படிக்கிறான்" என்றே சொன்னார். பக்கத்தில் நின்றாலும் நான் திருத்தியதில்லை. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் நானும் அப்பாவும் கடைத்தெருவில் நடக்கையில் மேலாளரே எதிரில் வந்து என் படிப்பை விசாரித்தார்.

"கணக்கு சார். அவனே மாத்திக்கினான்," என்றார் அப்பா.

குரலில் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. எனக்கு அன்றுதான் துறை மாறியது போலிருந்தது.